சங்கத்தில் சேர்ந்தும் தனியாக நிற்கும் கேரவன்காரர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி எங்கள் வேலூர்ப் பக்கம் இன்னும் அபூர்வம்தான். காட்பாடியில் ஓரமாக நிறுத்தினால் போதும், "உள்ளே எந்த நடிகர்?" என்று கேட்க நான்கு பேர் வந்துவிடுவார்கள். உள்ளூரில் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் குறைவு என்பதால், சங்கம் என்று தேடினால் சென்னைக்காரர்களோடும் பெங்களூருக்காரர்களோடும்தான் சேர வேண்டியிருக்கும். சென்னை சுமார் 140 கி.மீ., பெங்களூரு சுமார் 210 கி.மீ. இரு பக்கத்தாரும் சந்திக்க ஏலகிரியும் ஜவ்வாது மலையும் தோதான இடங்கள். பிரிட்டனில் 1907இலேயே, குதிரை இழுத்த கேரவன்களின் காலத்தில், இதற்கென ஒரு சங்கம் தோன்றிவிட்டது. ஊர் சுற்றுகிறவர்களுக்கும் கூட்டாளி தேவைப்படுகிறது.

ஆனால் சந்தா கட்டி, சந்திப்புகளுக்கெல்லாம் போயும், ஒருவரோடும் ஒட்டாமல் திரும்புகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்களுக்குக் குறுக்கே நிற்பது அவர்களுடைய வண்டிதான்.

முதல் நாள் எல்லோரும் சோலார் தகடு, இன்வெர்ட்டர், தண்ணீர்த் தொட்டி என்றுதான் பேசுவார்கள். இரண்டாம் நாளும் அதையே பேசினால் ஆட்கள் மெல்ல நகர்ந்துவிடுவார்கள். விலையைக் கேட்பது, "இதைவிட அது மேல்" என்று ஒப்பிடுவது, தன் வண்டியைச் சுற்றிக் காட்டிவிட்டு அடுத்தவர் வண்டியை எட்டிக்கூடப் பார்க்காதது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஏலகிரி ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் உள்ள பாரி, தேரை முல்லைக் கொடிக்கு விட்டுவிட்டு நடந்து போனவர். வண்டியே பெருமை என்று ஏறி வருகிறவர்களை அவர் பெயரைத் தாங்கி நிற்கும் பலகை கேலி செய்வதுபோல எனக்குத் தோன்றும்.

இதன் மறுபக்கம் உள்ளேயே அடைந்துகிடப்பது. ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தகர உடம்பு கொண்ட வண்டியில் ஏ.சி. இல்லாமல் முடியாது, சரி. மாலை நான்கரைக்கு மேலும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் யார் வந்து தட்டுவார்கள்? இரண்டு மடக்கு நாற்காலிகளை வெளியே போடுங்கள். ஒன்று உங்களுக்கு, மற்றொன்று வருகிறவருக்கு. ராத்திரி முழுவதும் ஜெனரேட்டரை ஓடவிட்டால் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டில் நிகழும் தவறு, ஒரே ஆள் வள்ளலாக முயல்வது. வரும் வழியில் ஆம்பூரில் நிறுத்தி, கத்தரிக்காய்த் தொடுகறியோடு ஒரு அண்டா பிரியாணியை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார். சைவம் சாப்பிடுகிறவர்கள் தயிர்ச் சோற்றைத் தேடுவார்கள். மற்றவர்களுக்குக் கடன்பட்ட உணர்வு வரும். அதைவிட ஆளுக்கு ஒரு வேலை நல்லது. வெங்காயம் உரிக்கும்போது பேசாதவர் யாரும் இல்லை.

பணம்தான் அதிக நட்புகளை முறிக்கிறது. ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்கெனப் பதிவான வண்டியில் நண்பர்களை ஏற்றிக்கொண்டு போய், டீசல் செலவைச் சேர்ந்து போட்டுக்கொள்வது ஒன்று. "தலைக்கு இவ்வளவு" என்று கட்டணம் வாங்குவது வேறு. பின்னது வாடகைக்கு ஓட்டுவதாகிவிடும். அப்போது விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும், அந்தச் சண்டை சங்கத்துக்குள்ளும் வரும். பொதுச் செலவை அன்றிரவே எழுதி, எல்லோர் முன்பும் படித்து முடித்துவிடுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம் அண்ணே" என்பது பெருந்தன்மைபோலத் தெரியும். மூன்று மாதம் கழித்து மனக்கசப்பாக வந்து நிற்கும்.

சங்கத்துக்காரர் சொன்னார் என்று வண்டியை மாற்றியமைப்பதும் தவறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை அனுமதியின்றி மாற்றத் தடை போடுகிறது. அவர் இதுவரை மாட்டிக்கொள்ளவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தச்சரைக் கூப்பிடுங்கள்.

நட்பு கெடுமே என்று வாயை மூடிக்கொள்வது இன்னும் ஆபத்து. பக்கத்து வண்டியில் கேஸ் வாடை வந்தால் உடனே சொல்ல வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். ஏலகிரிக் குளிருக்கு யாராவது கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினால், தூக்கத்திலேயே உயிர் போகலாம். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வரிசையாக மலை ஏறும்போது முன்வண்டியை ஒட்டிப் போகாதீர்கள். இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். கடைசி வண்டி வரும்வரை காத்திருக்காத கூட்டத்தில் இரண்டாவது முறை சேர வேண்டியதில்லை என்பது என் கருத்து.

போகும் இடத்து மக்களை மறந்துவிடுவது படித்தவர்களும் செய்யும் பிழை. ஜவ்வாது மலை, மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர்கள் நிறைந்த இடம். அவர்கள் வயலோரத்தில் கேட்காமல் வண்டியை நிறுத்துவது, கழுவிய தண்ணீரை ஓடையில் விடுவது, எல்லாவற்றையும் நகரத்திலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு போவது ஆகிய மூன்றையும் விடுங்கள். சாமையும் தேனும் அங்கேயே வாங்கலாம். காட்டுக்குள் தங்க வனத்துறை அனுமதி வேண்டும். இதே மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு இருக்கிறது. அந்தப் பக்கம் தங்கினால் வண்டியைச் சுற்றி வண்ண விளக்குகளை எரியவிடாதீர்கள். இருட்டைப் பார்த்துத்தான் அங்கே வைத்தார்கள்.

மனைவியைச் சமைக்க மட்டும் அழைத்து வருகிறவர்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அடுத்த முறை அவரே வரமாட்டார்.

வேலூர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் சி.எம்.சி. மருத்துவமனைக்கு ஆட்கள் வருகிறார்கள். வெளியூர் உறுப்பினர்களுக்கு உங்கள் நினைவு அப்போதுதான் வரும். உள்ளூர் நண்பரை டோக்கன் வாங்கித் தருகிறவராக ஆக்கிவிடுவது அவர்கள் தவறு. அதற்காகவே தொலைபேசியை எடுக்காமல் இருப்பது நம் தவறு. முடிந்ததைச் சொல்லுங்கள், முடியாததையும் சொல்லுங்கள். மாலையில் ஒரு ஃபிளாஸ்க் காபியோடு போய்ப் பாருங்கள்.

வயதாகி வண்டியை விற்றவர்கள் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். விற்பதற்கு முன்பே, வண்டி இல்லாதவர் உறுப்பினராகத் தொடர விதி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் விதியை மாற்றச் சொல்லுங்கள். சந்திப்பு ஏலகிரியில் என்றால் ரயிலில் ஜோலார்பேட்டை வந்து இறங்கலாம். மேலே அழைத்துப் போக யாராவது வருவார்கள்.