நோமிக் ஆட்டத்தில் ஏலத் தகராறு: தீர்ப்பது எப்படி?

விதிகளை மாற்றுவதே ஆட்டம் என்றால் அது நோமிக். பீட்டர் சூபர் என்ற தத்துவப் பேராசிரியர் உருவாக்கியது. 1982-ல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில், டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டரின் பத்தி வழியாக வெளியே தெரிந்தது. 101 முதல் 116 வரை மாறா விதிகள், 201 முதல் 213 வரை மாறும் விதிகள். இந்த 29 விதிகளோடு உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தன் முறையில் ஒரு மாற்றத்தை முன்மொழிந்து, வாக்கெடுத்து, பகடை போட்டுக்கொண்டே போவார்கள். புள்ளிகள் சேரச் சேர யாராவது ஏலத்தைக் கொண்டுவருவார். தகராறும் கூடவே வரும். அதை எப்படித் தீர்ப்பது என்று ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள்: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். ஏற்கெனவே நிறைவேறிய விதி 307 இப்படிச் சொல்கிறது:

"ஆடுபவர் தன் முறை முடியும் முன் ஒரு கூடுதல் வாக்குச் சீட்டை ஏலம் விட வேண்டும். மூன்று தரம் சொல்லும்போது அதிகம் கேட்டிருப்பவருக்குச் சீட்டு. அவர் கேட்ட அளவு புள்ளிகள் அவர் கணக்கில் கழிக்கப்படும்."

இப்போது சிவப்பின் முறை. 20 புள்ளி வைத்திருக்கும் பச்சை 18 கேட்கிறார். வெறும் 8 புள்ளி வைத்திருக்கும் மஞ்சள் 30 கேட்கிறார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். "கையில் இல்லாத புள்ளியை எப்படிக் கேட்கலாம்?" என்று பச்சை எழுந்து நிற்கிறார்.

படி 1: நடந்ததை எழுதுங்கள்

வாதம் அப்புறம். யாரிடம் எவ்வளவு புள்ளி, யார் எந்த வரிசையில் எவ்வளவு கேட்டார், மூன்றாம் தரம் எப்போது சொல்லப்பட்டது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே 307-ஐ ஓர் எழுத்து மாறாமல் எழுதிவையுங்கள். விதி 106-ன்படி, எந்த வடிவில் வாக்கெடுத்தோமோ அந்த வடிவம்தான் செல்லும். "நான் முன்மொழிந்தபோது மனதில் வேறு நினைத்திருந்தேன்" என்று யாராவது சொன்னால், அது அடுத்த திருத்தத்துக்கு உதவும், இந்தத் தீர்ப்புக்கு உதவாது.

படி 2: கேள்வியை ஒரு வரியில் சுருக்குங்கள்

"இது நியாயமா?" என்று கேட்டால் விடிய விடியப் பேசலாம். "தன்னிடம் இருப்பதைவிட அதிகமாகக் கேட்டது 307-ன்படி செல்லுமா?" என்று கேளுங்கள். ஆம் அல்லது இல்லை என்று பதில் வர வேண்டும்.

படி 3: நடுவர் யார்?

புதியவர்கள் திகைத்துப்போகும் இடம் இதுதான். விதி 212-ன்படி, ஆடுபவருக்கு முந்தைய முறைக்காரர்தான் நடுவர். சிவப்புக்கு முந்தையவர் மஞ்சள். ஆமாம், வழக்கில் மாட்டியவரே தீர்ப்புச் சொல்லப்போகிறார்! தன் முறையிலோ தன் அணிக்காரரின் முறையிலோ நடுவராக இருக்கக் கூடாது என்று மட்டும்தான் 212 தடுக்கிறது. சொந்த லாபம் இருந்தால் விலக வேண்டும் என்று அதில் இல்லை.

மற்றவர்கள் அனைவரும் ஒருமனதாக வாக்களித்தால், அடுத்த முறை தொடங்கும் முன் தீர்ப்பைத் தள்ளலாம். ஆனால் தள்ளினால் நடுவர் பதவி மஞ்சளுக்கு முந்தையவரிடம் போகும். அது பச்சை, வழக்கின் எதிர்த்தரப்பு! ஆகவே தீர்ப்பைத் தள்ளக் கை தூக்கும் முன், அடுத்த நாற்காலியில் யார் உட்காருவார் என்று நீலமும் சிவப்பும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

படி 4: விதிகளைப் படியுங்கள், வரிசையாக

முதலில் 307. கணக்கில் புள்ளி இருக்க வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்து மாறா விதி 116: விதிகளை மாற்றுவதைத் தவிர, தடுக்கப்படாததும் ஒழுங்குபடுத்தப்படாததும் எல்லாம் அனுமதிக்கப்பட்டதே. மஞ்சளின் பக்கம் தராசு சாய்கிறது.

"புள்ளி பூஜ்யத்துக்குக் கீழே போகுமா?" என்று பச்சை கேட்கலாம். போகும். எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்குகிறோம் (201). முன்மொழிவு தோற்றால் 10 புள்ளி போகும் (206). முதல் முறையிலேயே தோற்றவர், பகடை போடும் வரை கழித்தல் 10-ல்தான் நிற்பார்.

"ஆட்டத்தின் உணர்வு என்று ஒன்று இல்லையா?" இருக்கிறது. ஆனால் விதிகள் மௌனமாகவோ, முரணாகவோ, தெளிவில்லாமலோ இருக்கும்போதுதான் வழக்கத்தையும் உணர்வையும் நடுவர் பார்க்க வேண்டும் என்கிறது 212. 307-ன் மௌனத்துக்கு 116 பதில் சொல்லிவிட்டது என்பது என் கருத்து. தவிர, மஞ்சளுக்குச் சீட்டு இலவசமாகக் கிடைக்கவில்லை. அவர் கழித்தல் 22-க்குப் போகிறார். வெல்ல 100 வேண்டும்.

படி 5: தீர்ப்பைக் காரணத்தோடு எழுதுங்கள்

"செல்லும். 307 தடுக்கவில்லை, 116 அனுமதிக்கிறது, கழித்தல் புள்ளி உண்டு என்பதை 201, 206 காட்டுகின்றன." இவ்வளவு போதும். தனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்பவர் விதி எண்களைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்பேன். காரணம் எழுத்தில் இருந்தால்தான் மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் வாதத்தைப் பார்ப்பார்கள்.

தலைவலி என்று "இரண்டு பக்கமும் சரிசமம்" என எழுதிவிடாதீர்கள். ஒரு நகர்வு செல்லும், செல்லாது என்று சமமாகத் தோன்றினால், தன் முறையை முதலில் முடிக்க முடியாமல் போனவரே வென்றவர் என்கிறது 213. சோம்பலில் எழுதிய ஒரு வரி, ஏலம் முடியாததால் முறையை முடிக்க முடியாமல் நிற்கும் சிவப்புக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுத்துவிடலாம்.

படி 6: ஓட்டையை அடையுங்கள்

தீர்ப்பு பச்சைக்குப் பிடிக்கவில்லையா? சரி, அவர் தன் முறையில் திருத்தம் கொண்டுவரட்டும். வாக்கெடுப்புக்கு முன் எழுத்தில் இருக்க வேண்டும் (106). முன்தேதியிட்டுச் செல்லாது (107), அதனால் மஞ்சளின் சீட்டைத் தொட முடியாது. எழுதும்போது கணக்கில் உள்ளதைவிட அதிகம் கேட்கலாமா, இருவர் ஒரே தொகை கேட்டால் என்ன, யாருமே கேட்காவிட்டால் என்ன என்ற மூன்றுக்கும் பதில் வைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விதி 207 ஒவ்வொருவருக்கும் எப்போதும் சரியாக ஒரு வாக்கு என்கிறது. 307 கூடுதல் வாக்குத் தருகிறது. மாறும் விதிகள் இரண்டு மோதினால், விதியே தன் முன்னுரிமையைச் சொல்லாதவரை, சிறிய எண்தான் வெல்லும் (211). திருத்தினால் 307-க்கு முன்மொழிவின் எண் வந்துவிடும் (108), அதாவது இன்னும் பெரிய எண். "207-ஐவிட இவ்விதிக்கே முன்னுரிமை" என்ற வரியைச் சேர்க்காவிட்டால், 30 புள்ளி கொடுத்து வாங்கிய சீட்டை மஞ்சள் முதல் தடவை நீட்டும்போதே யாராவது 207-ஐ எடுத்துக் காட்டுவார். அன்றைக்கு மறுபடி படி 1.