பொதுச் சுகாதாரம் படிப்போர் எங்கே இடறுகிறார்கள்?

பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்புக்கு (எம்.பி.எச்.) வருவோரில் பலர், முதல் தவறைச் சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே செய்துவிடுகிறார்கள். எம்.பி.எச். முடித்தால் மாநகர் நல அலுவலராகிவிடலாம் என்று நம்புகிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு மருத்துவர்களுக்கு உரியது. பல் மருத்துவம், செவிலியம், உயிரியல் படித்துவிட்டு வருவோருக்குக் கிடைக்கக்கூடியவை வேறு: நோய்க் கண்காணிப்புப் பிரிவில் தரவு மேலாளர், ஆய்வுத் திட்டத்தில் களப் பொறுப்பாளர், தொண்டு நிறுவனத்தில் திட்ட அலுவலர் போன்ற பணிகள். இவற்றில் பல ஒப்பந்தப் பணிகள் என்பதையும் அறிந்தே சேர வேண்டும். கல்லூரியின் விளம்பர ஏட்டைப் புரட்டுவதைவிட, அங்கே கடைசி இரண்டு ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிப்பது மேல்.

படிக்கத் தொடங்கிய பின் நேரும் பெரிய தவறு, நோயாளிகளை எண்ணிவிட்டு, எத்தனை பேரில் அத்தனை பேர் என்று கேட்க மறப்பது. ஒரு வார்டில் டெங்கு ஆய்வுக்கு 100 வீடுகள் ஒதுக்கப்படுகின்றன. 8 வீடுகளில் கொசுப்புழு இருக்கிறது. வீட்டுக் குறியீடு, அதாவது நூறு வீடுகளுக்குப் புழு இருந்த வீடுகள், 8 என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் அந்த நூற்றில் 30 வீடுகள் பூட்டிக் கிடந்திருந்தால், உள்ளே சென்று பார்த்தவை 70 மட்டுமே. குறியீடு 11-ஐத் தாண்டிவிடுகிறது. புழு இருந்த வீடுகளில் ஆட்டுக்கல், சிமெண்ட் தொட்டி, பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்தட்டு என மொத்தம் 20 இடங்களில் அது காணப்பட்டிருந்தால், பிரெட்டோ குறியீடும் (நூறு வீடுகளுக்குப் புழு காணப்பட்ட இடங்கள்) 20 அன்று, ஏறத்தாழ 29. பூட்டிய வீடுகளுக்கு மாலையில் மறுபடியும் போனாயா என்பதே நல்ல ஆசிரியர் முதலில் கேட்கும் கேள்வியாக இருக்கும்.

மென்பொருள் குறித்த பதற்றம் தேவையற்றது. நோய்ப்பரவல் தரவை அலசும் எபி இன்ஃபோவும், புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் நிரல்மொழியும் இலவசமாகவே கிடைக்கின்றன. பயிற்சிக்குத் தேசியக் குடும்பநல ஆய்வின் அட்டவணைகள் போதும்.

மொழியை அலட்சியம் செய்வதுதான், என் பார்வையில், அதிகம் பேசப்படாத தவறு. ஆங்கிலத்தில் தயாரித்த வினாத்தாளைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து, "கடந்த இரு வாரங்களில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிகழ்வு ஏற்பட்டதா?" என்று வாசித்தால், தாய் குழம்பி "இல்லை" என்று சொல்லிவிடுவார், அந்த "இல்லை" அப்படியே கணினிக்குள் போய்விடும். அதே வீட்டில் கிராம சுகாதார செவிலியர், "புள்ளைக்கு வயித்தால போச்சா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? தண்ணியாவா?" என்று கேட்டதும், போன செவ்வாய்க்கிழமையிலிருந்து நடந்தது முழுவதும் வெளியே வரும். களத்துக்குப் போகும் முதல் வாரத்தில் வினாத்தாளை ஓரமாக வைத்துவிட்டு, அந்தச் செவிலியரின் பின்னால் நடந்து, அவர் கேட்கும் விதத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப வினாக்களைத் திருத்தி எழுத வேண்டும்.