பழைய ஃபார்ச்சூனருக்கு சஸ்பென்ஷன் சாமான்: ஷாக்குக்கு முன்னால் புஷ்ஷைப் பாருங்கள்

2009 முதல் 2016 வரை இந்தியாவில் விற்ற முதல் தலைமுறை ஃபார்ச்சூனர், நிறைய ஓடிய பிறகு முன்பக்கம் லொடலொடக்கும். உடனே நாலு ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிட்டு, சத்தம் அப்படியே இருக்கிறதே என்று புலம்புபவர்கள் அதிகம். பல வண்டிகளில் முதலில் போவது இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்தான்.

மெதுவாக ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போது 'டொக்' என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புத் தண்டு) அல்லது லோயர் ஆர்ம் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ்க்கை) புஷ். மேடு தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை ஆடினால், டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்தால், ஷாக். ஷாக்கின் மேல் லேசான எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பயமில்லை. அடிவரை ஒழுகி மண் அப்பியிருந்தால் மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் வேண்டாம், ஜோடியாக.

ஆர்மின் முனையில் சக்கரத்தைப் பிடிக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டுக்குத் தனிச் சோதனை. இந்த வண்டியில் முன் ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேல் உட்காருவதால் சேஸிஸில் ஜாக்கி போட்டால் ஆட்டம் தெரியாது. ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கரத்தைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கி, டயருக்குக் கீழே கடப்பாரை விட்டு நெம்புங்கள். மேலும் கீழும் ஆட்டம் தெரிந்தால் அதை அன்றே மாற்ற வேண்டும். கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். காசு குறைவாக இருந்தால் முதல் செலவு இதற்கும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டுக்கும்தான். ஸ்பிரிங் கடைசி: சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, இடம் வலம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் யோசிக்கலாம்.

கடையில் பால் ஜாயிண்டின் தண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். புதிது இறுக்கமாக நகரும். லொடலொடவென்று ஆடினால் திருப்பிக் கொடுங்கள். ஒரிஜினலுக்கு அடுத்து ஜப்பானின் 555 பிராண்ட் நல்ல சாமான், ஆனால் போலியும் உலவுவதால் தெரிந்த டீலரிடம் மட்டும் வாங்குங்கள். ரப்பர் புஷ்ஷை அழுத்திப் பார்த்து மேலே மயிரிழை வெடிப்பு இருந்தால் அது பழைய ஸ்டாக்.

ரப்பருக்குப் பதில் கெட்டியான பாலியூரித்தேன் (பாலி) புஷ் நீண்ட நாள் வரும் என்பார்கள். ஸ்டெபிலைசர் பாருக்குச் சரி. பின் அச்சைச் சேஸிஸோடு பிடிக்கும் லிங்க்குகளில் வேண்டாம்: அச்சு ஒரு பக்கம் ஏறும்போது புஷ் முறுகிக் கொடுக்க வேண்டும், பாலி அப்படிக் கொடுக்காமல் பிராக்கெட்டைப் படுத்தும். சிலிகான் கிரீஸ் இல்லாமல் போட்டால் கிரீச்சிடும்.

ஷாக்கில், தார் ரோட்டுக்கு கேஸ் நிரப்பிய ட்வின் டியூப் (குழாய்க்குள் குழாய்) போதும். கேஒய்பி போன்ற பிராண்டுகள் கிடைக்கும். மோனோ டியூப் (ஒற்றைக் குழாய்) சூட்டில் தளராது, ஆனால் கல் அடித்து உடம்பு ஒடுங்கினால் பிஸ்டன் அதிலேயே சிக்கும்.

இனி பொருத்துவது. லோயர் ஆர்ம் போல்ட்டுகள் கேம் (திருப்பினால் ஆர்மை நகர்த்தி சக்கரக் கோணத்தை மாற்றும் வட்டு) வைத்தவை, பக்கத்துக்கு இரண்டு. கழற்றுமுன் கேமின் நிலையைப் பெயிண்ட்டால் குறியுங்கள். துருப்பிடித்து புஷ்ஷின் குழாயோடு ஒட்டிப்போய் கிரைண்டரால் வெட்ட நேரும். நாலு புது கேம் போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றவிடாதீர்கள், பிரஸ் வேண்டும். சில புஷ்களில் ஓட்டை உண்டு. அது எந்தத் திசையில் இருந்தது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான ஷாப்களில் கோட்டை விடுவது இங்கேதான்: சக்கரம் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டை முழுசாக முறுக்குகிறார்கள். அந்த நிலையில் புஷ்ஷின் உட்குழாய் பிராக்கெட்டோடு பிடித்துக்கொள்கிறது. வண்டியைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே போக, ரப்பர் நிரந்தரமாக முறுகிக் கிடந்து சில மாதத்தில் கிழிகிறது. போல்ட்டை விரல் இறுக்கத்தில் விட்டு, சக்கரங்கள் தரையில் நின்று முழுப் பாரமும் இறங்கிய பின் டார்க் ரெஞ்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) மேனுவல் சொன்ன அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்றே சொல்லுங்கள்.

பால் ஜாயிண்டின் கேஸில் நட்டில் (மேலே பள்ளம் வெட்டிய நட்டு) காட்டர் பின் (நட்டு கழலாமல் பிடிக்கும் கம்பி) துளை பொருந்தவில்லையென்றால் நட்டைத் தளர்த்தாமல் அடுத்த துளைக்கு முறுக்கவும். காட்டர் பின் புதிதாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட், ஸ்பிரிங் மாற்றியிருந்தால் ஆயிரம் கிலோமீட்டர் போல ஓடியபின் இன்னொரு முறை.