சிசரோவைப் பற்றிப் பேசப்போகும் பிள்ளைகளுக்கு

சிசரோ பழைய ரோமின் பெரிய பேச்சாளர், அரசியல்வாதி. அவரைப் பற்றிப் பேச வாசிப்பு வட்டத்தில் பத்து நிமிடம் கிடைக்கும். பிறப்பு, பெற்றோர், படிப்பு என்று ஆரம்பிக்காதீர்கள், மக்களே. தக்கலைப் பக்கம் வரலாற்று வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், அங்கேயே பாதிப்பேர் கொட்டாவி விட்டுவிடுவார்கள்.

முதலில் ஆண்டுகளை வயதாக மாற்றிக்கொள்ளுங்கள். கி.மு. கணக்கு இறங்கிக்கொண்டே போவதால் கேட்பவருக்குக் குழம்பும். சிசரோ பிறந்தது கி.மு. 106 ஜனவரி 3. 106-இல் ஆண்டைக் கழித்தால் வயது வந்துவிடும். 75-இல் குவெஸ்டர் (நிதி அதிகாரி), வயது 31. 66-இல் பிரேட்டர் (நீதித்துறை அதிகாரி), 40. 63-இல் கான்சல் (ரோமின் உச்சப் பதவி), 43. கான்சல் தேர்தலுக்கு நிற்கவே 42 ஆக வேண்டும். குடும்பத்தில் யாரும் செனட்டில், அதாவது ரோமின் ஆட்சிமன்றத்தில், இருந்திராத ஒருவர், வயது வந்த உடனே அதைப் பிடித்தார் என்பதுதான் விஷயம்.

கான்சலை முதலமைச்சர் என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு பேர், ஒரே வருடம், ஒருவர் முடிவை மற்றவர் தடுக்கலாம். பதவிப் பெயரைவிட வேலையைச் சொல்லுங்கள்.

அப்புறம் இத்தாலியின் புட்டியோலி துறைமுகத்தில் நடந்த கதை. இதற்கு மூன்று நிமிடம் ஒதுக்கலாம். சிசிலித் தீவின் மேற்குப் பகுதியில் குவெஸ்டராக இருந்து, பஞ்ச காலத்தில் ரோமுக்குத் தானியம் அனுப்பியவர், ஊரெல்லாம் தன் பேச்சுதான் என்ற நினைப்பில் வந்து இறங்குகிறார். அங்கே நின்ற ஒருவர் அவரிடம் கேட்பதை நம்ம பேச்சிலேயே சொல்லுங்கள்:

“ஓய், ரோமில இருந்து எப்பம் கெளம்பினீரு? அங்க என்ன விசேஷம்?”

மாகாணத்திலிருந்து வருகிறேன் என்கிறார்.

“ஓ, ஆப்பிரிக்காவா?”

சிசிலி என்கிறார், எரிச்சலோடு. பக்கத்தில் நின்ற இன்னொருவர், எல்லாம் தெரிந்தவர்போல, “இவரு சிரக்கூஸ்லல்லா இருந்தாரு, தெரியாதா?” என்கிறார். அதுவும் தப்பு, சிரக்கூஸ் இருப்பது சிசிலியின் கிழக்கே!

சிரிப்பு அடங்கட்டும். இதைப் பிற்பாடு நீதிமன்றத்தில் சொன்னவர் சிசரோவேதான். ரோமானியருக்குக் காது மந்தம், கண் கூர்மை; அதனால் தினமும் அவர்கள் கண்ணில் படுவது என்று முடிவெடுத்தாராம்.

சிசிலியைச் சுரண்டிய ஆளுநர் வெர்ரெஸ்மீது சிசரோ நடத்திய ஊழல் வழக்குக்கு ஒரு வரி போதும். ஆட்சியைக் கவிழ்க்கக் கத்திலினா என்ற பிரபு செய்த சதியை அப்படி விடாதீர்கள். கான்சலாக இருந்த சிசரோ சதிகாரர் ஐந்து பேரை விசாரணையின்றிக் கொல்லவைத்தார். செனட் ஆதரித்தது, சீசர் எதிர்த்தார். அதற்காகவே கி.மு. 58-இல் சிசரோ நாடுகடந்து போக நேர்ந்தது. பேச்சாளர் பலர் இதை மறைத்துவிட்டு அவரை மகான் ஆக்குவது எனக்குப் பிடிப்பதில்லை.

அவர் முடிவு கி.மு. 43 டிசம்பர் 7. சீசரின் கூட்டாளியாக இருந்த ஆண்டனியைத் தாக்கி 14 உரைகள். அதற்குப் பழியாக வெட்டிய அவர் தலையையும் கைகளையும் ரோமின் பேச்சுமேடையிலேயே வைத்தார்கள். இங்கே குரலை உயர்த்த வேண்டாம்.

கேள்வி நேரத்தில் யாராவது கிளியோபாட்ராவைக் கேட்பார்கள், நிச்சயம். அவளைக் கண்டாலே ஆகாது என்று நண்பர் அட்டிகஸுக்கு சிசரோ கடிதம் எழுதியிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.