டான்சில் ஒட்டாது, கிருமி ஒட்டும்

பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கிறோம். இருபுறமும் சிவந்து உருண்டிருக்கிறது. "டான்சில்தானே, இது ஒட்டாது" என்று முடிவுகட்டிவிடுகிறோம். இங்கேதான் முதல் தவறு. வீக்கம் யாருக்கும் தாவுவதில்லை. வீங்கவைத்த கிருமி தாவும். பெரும்பாலும் அது சளிக்குக் காரணமான வைரஸ்களில் ஒன்று, சில நேரம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. இருமலில் தெறிக்கும் துளி, எச்சில்பட்ட டம்ளர், மூக்கைத் துடைத்த கை ஆகியவை அதற்குப் போதும். ஐஸ்கிரீமைத் திட்டிப் பயனில்லை. குளிர்ச்சி கிருமியை உண்டாக்குவதில்லை.

வெள்ளைத் திட்டு தெரிந்தால் பாக்டீரியாதான் என்று நினைத்து, போன முறை மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை எடுத்து விழுங்குவது அடுத்த தவறு. எச்சில் வழியே பரவும் எப்ஸ்டீன்-பார் வைரஸும் அதே திட்டைக் காட்டும். அதற்கு அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தால் உடம்பெல்லாம் தடிப்பு வரக்கூடும். பிறகு பாவம், அந்த மாத்திரையே ஒவ்வாது என்று ஆயுளுக்கும் எழுதிவைத்துவிடுவார்கள். மூக்கொழுகலும் இருமலும் குரல் கம்மலும் சேர்ந்திருந்தால் வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சந்தேகமிருந்தால் தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்துச் செய்யும் பரிசோதனை சொல்லிவிடும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று உறுதியானால் இரண்டு கணக்குகளைக் குழப்பக்கூடாது. ஆன்டிபயாடிக் தொடங்கி 24 மணி நேரம் கழிந்தால் பிறருக்குப் பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். காய்ச்சலும் விட்டிருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம். மாத்திரையோ மருத்துவர் சொன்ன நாள்வரை, வழக்கமாக 10 நாள், தொடர வேண்டும். மூன்றாம் நாளே வலி போய்விட்டது என்று நிறுத்துகிறவர்கள் பலர். கிருமி முழுதாக ஒழியாவிட்டால் அரிதாக ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கும். மருந்தே எடுக்காமல் விட்டால் இரண்டு மூன்று வாரம்வரை மற்றவர்களுக்கும் பரவிக்கொண்டிருக்கும்.

இதற்காகப் பிள்ளையை அறைக்குள் அடைத்து, தட்டைத் தனியே ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. சோப்பு போட்டுக் கழுவிய தட்டு போதும். கூடவே இருக்கும் தம்பிக்கு 2 முதல் 5 நாளில் தொண்டை வலித்தால், அதைத் தற்செயல் என்று தள்ளிவிடாதீர்கள்.

வாயைத் திறக்க முடியாமல், எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டால், மூச்சுத் திணறினால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

"எனக்கு டான்சில் எடுத்தாயிற்று, இனி எதுவும் ஒட்டாது" என்று நோயாளியின் டம்ளரிலேயே குடிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் தொண்டை மிச்சமிருக்கிறது. கிருமிக்கு அதுவே போதும்.