‘பையனுக்குக் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை’: குணத்தை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

போன ஆவணியில் சித்தி போன் செய்தார். “தங்கச்சிக்குக் குடியாத்தத்துல இருந்து ஒரு வரன் வந்திருக்குப்பா. நீ ஒரு எட்டு போய் விசாரிச்சுட்டு வந்து சொல்லேன்.”

எங்கள் குடும்பத்தில் இந்த வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், 26 வருடம் தோல் தரம் பிரித்தவன் நான். தோலைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு ஆளையும் பார்க்கத் தெரியும் என்று சித்திக்கு ஒரு நம்பிக்கை.

பையன் வீட்டுத் தெருமுனையில் ஒரு டீக்கடை. நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் கண்டுபிடித்துவிட்டார். “இன்னாங்க, பொண்ணு வீடா? தைரியமா கொடுங்க. பீடி சிகரெட்டு கிடையாது, தண்ணி கிடையாது. ஒரு பொண்ணைத் தலை நிமிந்து பார்க்க மாட்டான்.” பக்கத்து வீட்டிலும் இதே பதில்தான். மளிகைக் கடையில் கேட்டாலும் இதேதான், வார்த்தை கூட மாறவில்லை.

திரும்பி வந்து சித்தியிடம் சொன்னேன்: “அவன் என்னென்ன செய்ய மாட்டான்னு தெரிஞ்சுது சித்தி. என்ன செய்வான்னுதான் தெரியலை.”

நாம் செய்யும் பெரிய தவறு இதுதான். குற்றப் பட்டியலில் பெயர் இல்லை என்றால் குணம் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். குடிக்காமல் இருப்பது நல்ல விஷயம், அதில் சந்தேகமே இல்லை. குடியால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு சொட்டு தொடாதவர், படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை ஆறு மாதம் எட்டிப் பார்க்காததையும் பார்த்திருக்கிறேன். அவரைப் பற்றி இன்றைக்கும் யாராவது விசாரித்தால் ‘தங்கமான மனுஷன்’ என்றுதான் பதில் வரும். பள்ளிக்கூடத்து டி.சி.யில் நடத்தை என்ற இடத்தில் எல்லோருக்கும் ‘நன்று’ என்று எழுதித் தருவார்களே, அதுபோலத்தான் இதுவும்.

‘கேரக்டர் சரியில்லை’ என்ற சொல்

ஆங்கிலத்திலிருந்து ‘கேரக்டர்’ என்ற சொல்லைக் கொண்டுவந்து அதை ஒரே ஒரு காரியத்துக்கு வைத்துக்கொண்டோம். ‘அந்தப் பெண்ணுக்குக் கேரக்டர் சரியில்லை’ என்றால் அவள் பொய் சொல்வாள், கடனை ஏமாற்றுவாள் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. எல்லோருக்கும் தெரியும் என்ன சொல்ல வருகிறார்கள் என்று. கந்துவட்டி வாங்கிப் பத்துக் குடும்பத்தை அழித்தவரைக் கூட ‘கேரக்டர் சரியில்லாதவர்’ என்று நம் ஊரில் சொல்லிக் கேட்டதில்லை.

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகளில் தையல் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கம்பெனி வேன் விடியற்காலையில் வந்து ஏற்றிக்கொண்டு போகும், ஓவர்டைம் இருந்தால் இரவில் கொண்டுவந்து விடும். எங்கள் தெருவில் அப்படி ஒரு பெண். இரவு ஒன்பது மணிக்கு வேனை விட்டு இறங்குகிறாள் என்பதற்காகவே திண்ணையில் அவளைப் பற்றிப் பேச்சு நடக்கும்.

அவள் கூட வேலை பார்த்த என் அத்தை மகள் சொன்னது இது. ஒரு நாள் செக்கிங்கில் நிறைய ஜோடி திரும்பி வந்துவிட்டது. ஓரத்துத் தையல் தடம் மாறி விளிம்பை ஒட்டி ஓடியிருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண்ணை நிறுத்தி வைத்து சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். இவள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போய், “சார், அது என் மெஷின்ல ஓடினது” என்றாள். அவ்வளவுதான். அந்த மாதம் அவளுக்கு இன்சென்டிவ் கிடையாது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

குணம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இந்த ஒன்றைத்தான் காட்டுவேன். தனக்கு நட்டம் என்று தெரிந்தும், தனக்குத் திருப்பி எதுவும் செய்ய முடியாத ஒருவருக்காக எழுந்து நிற்பது. அப்படிப்பட்ட பெண்ணைத்தான் நம் தெரு ‘ஒரு மாதிரி’ என்கிறது. எனக்கு இதை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

பளபளப்பில் ஏமாறுவது

தோல் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. மாடு வாழ்ந்த வாழ்க்கை முழுக்க அதன் தோலில் இருக்கும். உண்ணி கடித்த புள்ளி, வேலிமுள் கிழித்த கோடு, சூடு போட்ட தழும்பு எல்லாம் தெரியும். தழும்பு அதிகமாக இருக்கும் தோலின் மேல்பக்கத்தை எமரித்தாளில் தேய்த்து எடுத்துவிட்டு, மேலே பெயின்ட் அடித்து, சூடான பிளேட்டில் அழுத்தி நல்ல தோலின் ரேகையை அச்சாகப் பதித்துவிடுவார்கள். மேஜை மேல் விரித்தால் ஒரு குறை தெரியாது. புதிதாக வேலைக்கு வருபவன் அதைத்தான் முதல் தரம் என்று எடுத்து வைப்பான்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பெரியவர் தோலைப் பார்த்ததும் தரம் சொல்ல மாட்டார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார். மேல்பக்கம் வெளியே தெரியும்படி மடிப்பார். மடிப்பில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். மேலே ஏற்றிய பூச்சு மோசமாக இருந்தால் அந்த இடத்தில் வெடிக்கும். தழும்போடு இருக்கும் தோல் மடிந்து, விட்டதும் பழையபடி வந்துவிடும்.

மனிதர்களை நாம் மேஜை மேல் விரித்த நிலையிலேயே பார்க்கிறோம். கல்யாண வீட்டில், ஆபீஸில், ‘வாங்க, சாப்பிட்டீங்களா’ என்று கேட்கிற இடத்தில். இனிமையாகப் பேசுவது ஒரு நல்ல பழக்கம். அதையே குணம் என்று எடுத்துக்கொண்டால்தான் ஏமாற வேண்டியிருக்கிறது. மடித்துப் பார்க்கிற இடம் என்று நான் நம்புவது பாகப்பிரிவினை. அப்பா போன பிறகு நிலத்துக்கும் வீட்டுக்கும் பங்கு போடும்போது, படித்தவர், பக்திமான், ஊருக்குப் பெரியவர் என்ற பூச்செல்லாம் ஒரு தென்னை மரத்துக்காக வெடித்து உதிர்வதைப் பார்க்கலாம். அதே இடத்தில், முரடன் என்று பெயர் வாங்கிய தம்பி, “கிணத்துப் பக்கம் அக்காவுக்கு இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போவான்.

நம்மவர்களுக்கு மட்டும் நல்லவர்

இதைப் பற்றி எழுதும்போது நானும் தப்பிக்க முடியாது. நான் வேலை பார்த்த இடத்து முதலாளி எங்களுக்கு நல்லவர். ஒரு தொழிலாளி வீட்டில் சாவு என்றால் முதலில் வந்து நிற்பார். பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் கொடுத்திருக்கிறார். அந்த டேனரியின் கழிவுநீர் மழை பெய்யும் இரவுகளில் கால்வாயில் திறந்து விடப்பட்டது. மழைத் தண்ணீரோடு கலந்து போய்விடும் என்று கணக்கு. பாலாற்றங்கரையில் கிணறுகள் உப்பாகிக்கொண்டிருந்தன, தென்னைகள் காய்ந்துகொண்டிருந்தன. அந்தக் கிணற்றுக்காரர்கள் அவருக்கு முகம் தெரியாதவர்கள்.

எனக்கும் தெரியும் மதகு எப்போது திறக்கும் என்று. சம்பளம் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன். வேலூரைச் சேர்ந்த குடிமக்கள் அமைப்பு ஒன்று போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்றது, அபராதமும் போட்டது. இந்தியாவின் சுற்றுச்சூழல் சட்டத்தில் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. அந்த வழக்குக்குப் பின்னால் நின்றவர்களை அப்போது எங்கள் பக்கத்தில் ‘பிழைப்பைக் கெடுக்க வந்தவர்கள்’ என்றுதான் திட்டினோம். நானும் திட்டியிருக்கிறேன்.

கூட இருப்பவர்களுக்குச் செய்வதை வைத்து மட்டும் ஒருவரைப் பற்றி முடிவு செய்யாதீர்கள். அவரால் பாதிக்கப்பட்டு, அவர் வாசலுக்கு வர முடியாதவர்களையும் ஒரு முறை கேளுங்கள்.

ஒரு நாள் கூத்தை வைத்து முடிவு செய்வது

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை வேலூர்க்காரர்களுக்குப் பாடம். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர். மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்று இருந்தவர். 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொல்லி அவரிடம் வந்தார்கள். அவர் டாக்டர் இல்லை. அவருடைய அப்பா டாக்டர். ஆனால் ஓர் ஆண் வந்து பார்ப்பதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அன்று டாக்டராவது என்று முடிவு செய்தார்.

மேடையில் பேசுபவர்கள் இந்த இரவோடு நிறுத்திக்கொள்வார்கள். கைதட்டலும் அதற்குத்தான். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிந்தைய வருடங்கள். அமெரிக்காவுக்குப் போய்ப் படித்து 1899-ல் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கை வைத்து ஆரம்பித்தார். 1902-ல் நாற்பது படுக்கை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அந்த இரவில் அழுவதற்கு யாராலும் முடியும். அழுது கண்ணைத் துடைத்த பிறகு, அழ வைத்தவர்கள் எதிரில் இல்லாத போதும், படிப்பைப் பாதியில் விடாமல் திரும்பி வந்தாரே, அதைச் சொல்ல வேண்டும்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பொட்டலம் கொடுக்க எவ்வளவோ பேர் வந்தார்கள். நல்லதுதான், பசித்தவருக்குச் சோறு சோறுதான். எங்கள் தெருவில் வீடு இடிந்த ஒரு பாட்டிக்கு, தண்ணீர் வடிந்த பிறகு தாலுகா ஆபீஸுக்கு மனு எழுதிக் கொடுத்து நான்கைந்து முறை கூடவே போய் நின்றவர் ஒரு சலூன்காரர். அவருடைய போட்டோ எதிலும் வரவில்லை.

அப்புறம் வீம்பு. பிடித்த பிடியை விடாதவனைக் ‘கொள்கைக்காரன்’ என்று பாராட்டுகிறோம். ஒன்றைக் கவனித்தால் போதும்: தான் தப்பு என்று தெரிந்த பிறகு என்ன செய்கிறான்? உறுதியுள்ளவன் ‘சரி, நான்தான் தப்பு’ என்று சொல்லிவிடுவான். வீம்பு பிடித்தவன் கடைசி வரை புதுக் காரணம் தேடிக்கொண்டிருப்பான்.

‘அது கூடப் பிறந்த குணம், நாய் வாலை நிமிர்த்த முடியாது’ என்பதையும் விட்டுவிட வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலத்தில் ஒரு தோல் தயாராக வாரக்கணக்கில் ஆகும். ஊற வைத்து, எடுத்து, மறுபடி ஊற வைத்து. வேகமாகச் செய்தால் உள்ளே பச்சையாகவே இருக்கும். நாற்பது வயதுக்கு மேல் பொய் சொல்வதை விட்டவரை எனக்குத் தெரியும். பல வருடம் ஆயிற்று, நடுவில் சறுக்கினார், மறுபடி எழுந்தார்.

சித்திக்காக இரண்டாவது முறை குடியாத்தம் போனேன். இந்தத் தடவை கேள்வியை மாற்றினேன். பையனின் அப்பா வேலை பார்த்த தறிக்கூடத்தைத் தேடிப் போய், “இவங்க உங்ககிட்ட கடன் வாங்கியிருக்காங்களா?” என்று கேட்டேன். தறிக்கூடத்து முதலாளியான பெரியவர் யோசித்தார். “அப்பன் செத்தப்போ பதினெட்டாயிரம் கொடுத்தேன். நான் கணக்குல எழுதலை, வராதுன்னுதான் விட்டேன். பையன் ஒரு நோட்டுல எழுதி வெச்சு, மாசம் ஐந்நூறு, எழுநூறுன்னு மூணு வருஷத்துல கொடுத்து முடிச்சான்.” எழுந்து வரும்போது அவரே கூப்பிட்டுச் சொன்னார்: “பையன் கோவம் வந்தா நாலு நாளு பேச மாட்டான். அதையும் சொல்லிடுங்க.”

இரண்டையும் அப்படியே சித்தியிடம் சொன்னேன். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த தங்கச்சி உள்ளே வந்தாள். “அந்த நாலு நாளு விஷயத்தை நானே கேட்டுக்கிறேன் அண்ணா, நம்பரை வாங்கிக் கொடு” என்றாள். வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.