ஜூரியின் சார்பும் நீதிபதியின் அறிவுறுத்தலும்: மேல்முறையீட்டைக் கெடுக்கும் தவறுகள்

"அந்த ஜூரர் ஆரம்பத்திலிருந்தே ஒருதலைப்பட்சமாக இருந்தார்", "நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தைத் தவறாகச் சொன்னார்". அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் குற்ற வழக்குகளில் இந்த இரண்டு வாதங்களும் மேல்முறையீட்டில் அடிக்கடி எழுகின்றன. ஜூரி என்பது சாட்சியத்தைக் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு; அதில் ஒருவர் ஜூரர். நியாயம் இருந்தும் அவை தோற்பதுண்டு. மேல்முறையீட்டு நீதிபதிகள் பார்ப்பது எழுத்துப் பதிவை. விசாரணையின்போது அதில் ஏறாததைப் பின்னால் ஏற்றுவது மிகக் கடினம்.

வழக்கறிஞர்கள் அதிகமாகக் கோட்டை விடுவது அறிவுறுத்தல் விஷயத்தில்தான், அதாவது வழக்குக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று நீதிபதி ஜூரிக்குச் சொல்லும் விளக்கத்தில். நமக்கு வேண்டிய வாசகத்தை எழுதிக் கொடுத்தாயிற்று, நீதிபதி மறுத்துவிட்டார், அதுவே போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. குற்றவியல் நடைமுறை விதி 30, 'டி' பிரிவின்படி, ஜூரி கலந்தாலோசிக்கப் போவதற்கு முன்பே எந்த வாசகம் தவறு, ஏன் தவறு என்று குறிப்பாகச் சொல்லியாக வேண்டும். ஜூரியின் காதில் விழாமல் சொல்லவும் அந்த விதி வழி தருகிறது. சொல்லாமல் விட்டால் விதி 52-இன் கடுமையான அளவுகோல்தான் மிஞ்சும். பிழை இருக்க வேண்டும், அது வெளிப்படையாகத் தெரிய வேண்டும், அடிப்படை உரிமையைப் பாதித்திருக்க வேண்டும், நீதிமன்றத்தின் நேர்மைக்கே களங்கம் தருவதாகவும் இருக்க வேண்டும் என்று 1993-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒலானோ வழக்கு வரையறுத்தது. இதைவிட மோசம், "ஆட்சேபணை உண்டா?" என்று நீதிபதி கேட்கும்போது "இல்லை, சரியாக இருக்கிறது" என்பது. உரிமையைக் கைவிட்டதாகவே பல நீதிமன்றங்கள் அதை எடுத்துக்கொள்ளும்.

அறிவுறுத்தலில் பிழை இருந்தாலே தண்டனை ரத்தாகிவிடும் என்பதும் தப்புக்கணக்கு. குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்; அந்த நியாயமான சந்தேகம் என்றால் என்ன என்பதையே தவறாக விளக்கியிருந்தால் தண்டனை நிற்காது (சல்லிவன் வழக்கு, 1993). ஆனால் குற்றத்தின் ஒரு கூறு (அரசு நிரூபிக்க வேண்டிய அம்சங்களில் ஒன்று) மட்டும் அறிவுறுத்தலில் விடுபட்டிருந்தால், அதனால் முடிவு மாறியிருக்காது என்று அரசுத் தரப்பு வாதிடலாம் (நெடர், 1999). எனவே அந்தக் கூறு விசாரணையில் உண்மையாகவே சர்ச்சைக்குள்ளானது என்பதை, எதிர்ச் சாட்சியம் பதிவில் எங்கே இருக்கிறது என்று பக்கம் குறிப்பிட்டு மனுவில் காட்ட வேண்டும்.

ஜூரர் தேர்வில் "நடுநிலையாக இருக்க முயற்சி செய்கிறேன்" என்ற பதிலோடு கேள்வியை நிறுத்துவது தவறு. "உங்கள் எண்ணத்தை ஒதுக்கிவைத்து, சாட்சியத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியுமா?" என்று நேராகக் கேட்டு, தயக்கம் தெரிந்தால் காரணம் காட்டி நீக்கக் கோருங்கள். நீதிபதி மறுத்தால், காரணம் சொல்லாமல் நீக்கும் வாய்ப்பு இருக்கிறது: மரண தண்டனைக்கு உட்படாத பெருங்குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு 10, அரசுக்கு 6. அதில் ஒன்றைச் செலவழித்து அவரை நீக்கிவிட்டால், நீதிபதியின் அந்த மறுப்பை மட்டும் வைத்து மேல்முறையீட்டில் வெல்ல முடியாது (மார்ட்டினெஸ்-சலாசார், 2000). ஆனாலும் மேல்முறையீட்டுக்குப் புள்ளி சேர்ப்பதற்காக ஆபத்தான ஒருவரை ஜூரியில் உட்கார விடுவது சரியல்ல; பணயம் வைக்கப்படுவது கட்சிக்காரரின் சுதந்திரம்.

ஜூரர் உண்மையை மறைத்தார் என்று பின்னால் தெரிந்தால் இரண்டைக் காட்ட வேண்டும்: முக்கியமான கேள்விக்கு அவர் நேர்மையாகப் பதில் சொல்லவில்லை, உண்மையைச் சொல்லியிருந்தால் அவரை நீக்கத் தகுந்த காரணம் கிடைத்திருக்கும். மழுப்பலாகக் கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டு முதல் நிபந்தனையைத் தாண்ட முடியாது. விசாரணை நடுவிலேயே யாரோ ஒரு ஜூரரை அணுகியதாகத் தெரிந்தால், அப்போதே தனி விசாரணை கேளுங்கள். முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் வாதம் பறிபோகும்.

தீர்ப்புக்குப் பிறகு ஜூரரிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி வருபவர்களைத் தடுப்பது சாட்சிய விதி 606, 'பி' பிரிவு. ஜூரி அறைக்குள் நடந்ததைப் பற்றி ஜூரர் சாட்சி சொல்ல முடியாது. ஜூரர்கள் மதுவும் போதைப்பொருளும் உட்கொண்டார்கள் என்ற புகார்கூட 1987-இல் டானர் வழக்கில் எடுபடவில்லை. வெளியிலிருந்து வந்த தகவல், வெளியாள் தலையீடு, படிவத்தில் முடிவைத் தவறுதலாக மாற்றி எழுதியது ஆகியவை விலக்கு. 2017-இல் பென்யா-ரோட்ரிகஸ் வழக்கு இன்னொன்றைச் சேர்த்தது: இன வெறுப்பை வைத்தே குற்றவாளி என்று முடிவு செய்ததாக ஒரு ஜூரர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் நீதிமன்றம் அதைக் கேட்கலாம். போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை போதாது. ஜூரர்களைத் தொடர்புகொள்ள முன் அனுமதி வேண்டுமா என்று உள்ளூர் நீதிமன்ற விதியை முதலில் பாருங்கள்.

கெடு விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். மறுவிசாரணை மனுவுக்கு 14 நாள், மேல்முறையீட்டு அறிவிப்புக்கும் 14 நாள். முதலாவது ஜூரி முடிவு சொன்ன நாளிலிருந்து தொடங்குகிறது. இரண்டாவது, தண்டனையோடு கூடிய தீர்ப்பு பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து. இரண்டுக்கும் நடுவே சில மாதங்கள் ஓடலாம். தண்டனை அறிவிப்புக்காகக் காத்திருந்தால் மறுவிசாரணைக் கெடு அதற்குள் முடிந்திருக்கும். புதிதாகக் கிடைத்த ஆதாரத்துக்கு மட்டுமே 3 ஆண்டு அவகாசம்.